கால்வாய் வெட்டியவர்கள்: கடலூர் மாவட்டத்தில் பசுமை வேலையும் உரிமையும்

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போய்ப் படகேறுகிறவர்கள், ஐம்பது சொச்சம் திட்டுகளுக்கு நடுவே வளைந்து போகும் வாய்க்கால்களையும் வேர்களை நீருக்குள் ஊன்றி நிற்கும் சுரபுன்னை மரங்களையும் பார்த்துவிட்டு, இயற்கை அப்படியே விட்டுவைத்த காடு என்று நினைத்துத் திரும்புகிறார்கள். பாதிதான் உண்மை. அந்தக் காட்டின் கணிசமான பகுதி ஒரு காலத்தில் மொட்டைத் தரையாகக் கிடந்தது. மண்வெட்டி பிடித்த கூலியாட்கள் அதை மறுபடி காடாக்கினார்கள்.

வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை வனத்துறை இங்கே பகுதி பகுதியாக மரங்களை ஒட்ட வெட்டி விறகுக்கு விற்றது. வெட்டிய இடத்தில் மரம் தானே முளைத்துவிடும் என்பது கணக்கு. முளைக்கவில்லை. நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றிய மண் அமுங்கியது, நிலம் நடுவில் தொட்டிபோல் குழிந்தது. ஓதத்தில் ஏறிய உப்புநீர் வற்றத்தில் வடிய வழியின்றித் தேங்கி, காய்ந்து, உப்பு ஏறிக்கொண்டே போனது. சுரபுன்னை உப்புநீரில் வாழும் மரம்தான், ஆனால் அந்த அளவு உப்பு அதற்கும் ஆகாது. இத்தனை காலமும் பழி ஆடுமாடு மேய்த்தவர்கள் மேலும் சுள்ளி பொறுக்கியவர்கள் மேலும் விழுந்தது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் வி. செல்வமும் அவருடைய குழுவினரும் வனத்துறையோடு சேர்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். தீர்வு எளிமையானது. குழிந்த நிலத்துக்கு நடுவே ஒரு பெரிய கால்வாய், அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாகக் கிளைக் கால்வாய்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் போலிருக்கும். ஓதம் ஏறும்போது நீர் உள்ளே வரும், வற்றும்போது வெளியேறும், தேங்கிய உப்பும் கூடவே போய்விடும். கால்வாய்க் கரைகளில் கண்டல் கன்றுகளை நட்டார்கள். செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு இக்குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, பதினைந்து ஆண்டுகளில் பிச்சாவரத்துக் காட்டுப் பரப்பு ஏறத்தாழ 90 சதவிகிதம் கூடியிருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் முன்னால் திறந்து கிடந்த ஊர்களைவிடக் குறைவாகவே பாதிக்கப்பட்டன. 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்து உலகெங்கும் பேசப்பட்ட ஆய்வொன்று கடலூர் மாவட்டக் கரையைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. காப்பாற்றியது மரமா, நிலத்தின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமுமா என்று அறிவியலாளர்கள் பிறகு வாதிட்டார்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் காடு நடுவது கடற்கரைக்கு அரண் அமைக்கும் வேலை என்ற எண்ணம் அரசு ஏடுகளில் இடம்பிடித்தது அப்போதுதான்.

இன்று உலகம் பசுமை வேலை என்று எதைச் சொல்கிறதோ, அது கடலூர் மாவட்டத்தில் அந்தச் சொல் வருவதற்கு முன்பே நடந்திருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து பசுமை வேலைகள் பற்றிய பெரிய அறிக்கையை வெளியிட்டது 2008இல். சூழலைக் காக்கும் வேலை, மானத்தோடு வாழ ஊதியம் தரும் வேலையாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டில் அமெரிக்காவில் வான் ஜோன்ஸ் எழுதிய நூல், சூரியத் தகடு மாட்டுவதையும் வீடுகளைக் குளிருக்கு அடைப்பதையும் கறுப்பின இளைஞர்களை வறுமையிலிருந்து மீட்கும் வழியாக முன்வைத்தது. பூமிக்கும் ஏழைக்கும் ஒரே வேலையில் விடிவு என்ற அந்த வாக்குறுதியை நான் ஏளனமாகப் பார்க்கவில்லை. நிறைவேறினால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. எந்த நிபந்தனையில் நிறைவேறும் என்பதே கேள்வி. அதற்குப் பதில் தேட கிள்ளையை விடப் பொருத்தமான இடம் குறைவு.

கிள்ளையையும் பிச்சாவரத்தையும் ஒட்டி எம்.ஜி.ஆர். நகர் போன்ற குடியிருப்புகளில் இருளர்கள் வாழ்கிறார்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகளாக அரசு வகைப்படுத்திய ஆறு குழுக்களில் அவர்களும் ஒரு குழு. முன்பு இவர்களுக்குப் படகும் இருந்ததில்லை, வலையும் இருந்ததில்லை. கழுத்தளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்தார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் வேலை செய்யும்போது பிடித்ததைப் போட வேறு வழி ஏது? ஓலைப் பறியின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு நீருக்குள் நகர்வார்கள். பெண்களும் பிள்ளைகளும்கூட இப்படித்தான். காட்டுக்குள் போனால் வனத்துறை விரட்டும். கடலுக்குப் போனால் மீனவர் என்ற அங்கீகாரம் இல்லை, மீனவர் சங்கங்களிலும் இடமில்லை. பழங்குடி என்று நிரூபிக்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியவர் கோட்டாட்சியர். தாத்தாவின் சான்றிதழ் எங்கே என்று அலுவலகத்தில் கேட்பார்கள். தாத்தாவுக்கு நிரந்தரமாக ஒரு குடிசைகூட இருந்ததில்லை.

காட்டை மீட்கும் திட்டத்துக்குள் இவர்களும் வந்தார்கள். ஊர்தோறும் ஆணும் பெண்ணும் உறுப்பினராக இருக்கும் மன்றம் அமைத்து, கால்வாய் வெட்டுவதையும் கன்று நடுவதையும் ஊரார் கையில் கொடுக்கும் முறை அது. எம்.ஜி.ஆர். நகரில் ஆராய்ச்சி நிறுவனத்தார் காட்டுவேலையோடு நிற்கவில்லை. சாதிச் சான்றிதழுக்கு அலைந்தார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி வர உதவினார்கள், படகும் வலையும் கிடைக்க வழி செய்தார்கள்.

இந்த அனுபவத்தில் நான் முக்கியமாகக் கருதுவது இதுதான். கால்வாய் வெட்டிய கூலி ஒரு பருவத்தில் செலவாகிவிட்டது. எந்தக் கூலியும் அப்படித்தான். நிலைத்தது சான்றிதழ், படகு, வலை, அந்த நீரில் இறங்கி மீன் பிடிக்கலாம் என்ற ஏற்பு. காடு தழைத்தால் இறால் பெருகும், இறால் பெருகினால் பிடிக்கிறவன் வீட்டில் உலை கொதிக்கும். அந்த இணைப்பு இருக்கும்வரை காட்டைக் காப்பவருக்கு வேறு யாரும் சம்பளம் தர வேண்டியதில்லை. அதை அறுத்துவிட்டு வெறும் நாள்கூலிக்குக் கன்று நடச் சொன்னால், நட்டவருக்கும் மரத்துக்கும் அன்று மாலையே உறவு முடிந்துவிடும். மீன்முள் கால்வாய்கள் சில ஆண்டுகளில் தூர்ந்துபோகும், மறுபடி வாரவேண்டும். நடுவதற்குத் திட்டமும் திறப்புவிழாவும் உண்டு. தூர் வாருவதற்குப் பணம் ஒதுக்க யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. நிரந்தர வேலை என்று ஒன்று உண்டென்றால் அந்தத் தூர்வாரலில்தான் இருக்கிறது. பிச்சாவரம் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பன்னாட்டு மதிப்பு வந்த பிறகு சுற்றுலாவும் காவலும் பெருகும். தடவிப் பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் காட்டில் படகோட்டிகளாகவும் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் முதலிடம் பெறுவார்களா, மறுபடி வெளியே நிறுத்தப்படுவார்களா என்பதை எந்தப் பட்டியலும் தீர்மானிக்காது.

இந்தியாவில் பசுமை வேலை என்றவுடன் அரசு கையில் எடுத்தது பயிற்சியை. 2015இல் பசுமை வேலைகளுக்கான திறன் மன்றம் வந்தது. அதே ஆண்டில் சூரிய மின்தகடு மாட்டவும் பழுதுபார்க்கவும் கற்றுத்தர சூர்யமித்ரா திட்டம். 2017இல் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பசுமைத் திறன் மேம்பாட்டுத் திட்டம், பிறகு அது விரிந்தபோது ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி என்ற இலக்கோடு. பாடத்திட்டங்கள் மோசமில்லை. ஆனால் சூர்யமித்ராவுக்கு பத்தாம் வகுப்பும் ஐடிஐ படிப்பும் கேட்டார்கள். செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு அடைபட்டுக் கிடந்தவரின் மகனுக்கு ஐடிஐ எங்கிருந்து வரும்? திறமை இல்லாததால் வேலை இல்லை என்ற அடிப்படையில் இந்தத் திட்டங்கள் எழுந்தன. கடலூர் மாவட்டம் காட்டுவது வேறு. திறமை கைநிறைய இருக்கிறது, அதற்குச் சம்பளமும் சட்டப் பாதுகாப்பும்தான் இல்லை.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை இதற்குக் கண்கூடான சாட்சி. 1980களில் உப்பனாற்றங்கரையில் மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி ஆலைகள் வரிசையாக வந்தன. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகள் என்று நாடு முழுவதும் 43 இடங்களைப் பட்டியலிட்டபோது கடலூரும் அதில் இருந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சுற்றியிருந்த ஊர்களின் ஆண்களும் பெண்களும் சமூகச் சூழல் கண்காணிப்பாளர்களாகத் திரண்டுவிட்டார்கள். எந்த நேரத்தில், எந்தத் திசையிலிருந்து, என்ன வாடை வந்தது, கண் எரிந்ததா, மூச்சு முட்டியதா என்று நோட்டில் குறித்தார்கள். அழுகிய முட்டை வாடை என்றால் எந்தப் பக்கத்து ஆலை, நகப்பூச்சு வாடை என்றால் எது என்று மூக்கே சொல்லிவிடும். பிறகு பிளாஸ்டிக் வாளியை வைத்துக் காற்றுப் பிடிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார்கள். மூடிய வாளிக்குள் ஒரு விசேஷப் பை. வாளிக் காற்றை உறிஞ்சி வெளியேற்றினால் வெளிக்காற்று தானே பைக்குள் புகுந்துகொள்ளும். வாடை அடிக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும், அதிகாரி வரும்வரை காற்று காத்திருக்காது. பிடித்த பையை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 2004இல் வந்த முடிவுகளில் இருபதுக்கும் மேற்பட்ட நச்சு வேதிப்பொருள்கள் இருந்தன. புற்றுநோய் உண்டாக்குபவையும் அவற்றில் உண்டு.

காற்றையும் நீரையும் கண்காணிப்பது அமைச்சகத்தின் பசுமைத் திறன் பட்டியலில் உள்ள ஒரு படிப்பு. கடலூர்க் கிராமத்தார் அதைச் சம்பளமில்லாமல், மிரட்டலுக்கு நடுவில், தங்கள் பிள்ளைகளின் மூச்சுக்காகச் செய்தார்கள். இப்படிக் கண்காணிக்க ஊருக்கு இரண்டு பேரை நியமித்து, அவர்கள் குறிப்புக்குச் சட்ட மதிப்புக் கொடுத்து, ஆலைகளிடமிருந்து வாங்கும் கட்டணத்தில் ஊதியம் கொடுத்தால், அதைவிடச் சிறந்த பசுமை வேலை இந்த மாவட்டத்தில் வேறில்லை. ஆலை நிர்வாகம் நேரடியாகச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

குப்பை வேலைக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளில் 150 வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் தூய்மைக் காவலர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் காலனித் தெருவிலிருந்து வருகிறவர்கள். காலையில் வண்டி தள்ளிக்கொண்டு வீடு வீடாகப் போய், மக்கும் குப்பை, மக்காத குப்பை பிரித்து, உரக்குழிக்குக் கொண்டுபோய்க் கொட்டிக் கிளறி உரமாக்குகிறார்கள். உலக அளவில் கழிவு மேலாண்மை பசுமை வேலைகளில் முக்கியமானது என்று எல்லா அறிக்கையும் சொல்லும். இங்கே அதற்குக் கிடைப்பது மதிப்பூதியம். 2,600 ரூபாயில் தொடங்கி 3,600 ஆகி, பிறகு 5,000 ஆனது. மதிப்பூதியம் என்று பெயரிட்டுவிட்டால் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வாசலோடு நின்றுவிடும், வருங்கால வைப்புநிதியும் வராது. தலைமுறை தலைமுறையாக எந்தச் சாதியின் தலையில் இந்த வேலை கட்டப்பட்டதோ, அதே சாதியின் தலையில் பச்சைச் சட்டை போட்டு மறுபடி கட்டுவதை வேலைவாய்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. சம்பளமும் பணி நிரந்தரமும் கையுறையும் வந்து, மற்ற சாதிப் பிள்ளைகளும் அந்த வேலைக்கு மனுப் போடும் நாள் வந்தால் ஒப்புக்கொள்வேன்.

சீமைக்கருவேல மரத்தின் கதை இன்னும் சிக்கலானது. ஏரி குளங்களை அடைத்துக்கொண்ட அந்த மரத்தை ஒழிக்க உயர்நீதிமன்றம் திரும்பத் திரும்ப உத்தரவிட்டது. 2022இல் அரசு அயல் தாவர ஒழிப்புக் கொள்கையும் வெளியிட்டது. ஆயிரமாயிரம் பேருக்கு வேலை தரக்கூடிய காரியம். ஆனால் தென்மாவட்டங்களிலும் வடமாவட்டங்களிலும் எத்தனையோ ஏழைக் குடும்பங்கள், குறிப்பாக இருளர்கள், அந்த மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கித்தான் பிழைத்தார்கள். அதுவும் பல இடங்களில் கொத்தடிமை வேலையாகத்தான். ஏலம் எடுத்த கான்ட்ராக்டர் பொக்லைனை இறக்கி இரண்டு நாளில் வேரோடு பிடுங்கிவிட்டால் ஏரி சுத்தமாகும், கரி சுட்டவர் பிழைப்பும் போகும்.

தென்னாப்பிரிக்கா இதே சிக்கலை வேறு விதமாக அணுகியது. 1995இல், நிறவெறி ஆட்சி முடிந்த கையோடு, நீர்வளத்தை உறிஞ்சும் அயல் மரங்களை வெட்டும் திட்டத்தை அமைச்சர் காடர் அஸ்மல் தொடங்கினார். இயந்திரத்துக்குப் பதில் ஆட்கள். பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் ஒதுக்கீடு வைத்தார்கள். வேலையாட்களிலிருந்தே சிறு ஒப்பந்தக்காரர்களை உருவாக்கினார்கள். உலகமெங்கும் மேற்கோள் காட்டப்படும் திட்டம் அது. அதற்கும் ஒரு குறை இருந்தது. பலருக்கும் வேலை கொஞ்ச காலத்துக்குத்தான், அது முடிந்து வெளியே வந்தவர்களை வேலையின்மை மறுபடி பிடித்துக்கொண்டது. வெட்டிய இடத்தில் விதை மறுபடி முளைக்க, அதை வெட்டத் தொடர்ந்து ஆள் தேவைப்பட்டது. ஒரு பக்கம் முடியாத வேலை, மறுபக்கம் முடித்து அனுப்பப்பட்ட தொழிலாளி. பிச்சாவரத்துக் கால்வாய்த் தூர்வாரலில் இருக்கும் அதே பிரச்சினைதான் அங்கேயும்.

நம் பக்கத்திலேயே இதற்கு மாற்று இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தையும் அதைத் தொடர்ந்து வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையையும் அடுத்து, பாம்பு பிடித்துத் தோல் விற்றுப் பிழைத்த இருளர்கள் நிர்க்கதியானார்கள். சூழலைக் காக்க வந்த சட்டம் ஏழையின் சோற்றைப் பறித்த முதல் தருணங்களில் அது ஒன்று. 1978இல் பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, சட்டியில் வைத்துப் பாதுகாத்து, சில வாரங்களில் சிலமுறை நஞ்செடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் மிகப் பெரும்பகுதி அங்கிருந்து போனது. சங்க உறுப்பினர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். புற்றின் வாயில் படிந்த தடத்தைப் பார்த்து உள்ளே எந்தப் பாம்பு, எப்போது போனது என்று சொல்லும் அறிவை எந்த ஐடிஐயும் கற்றுத்தரவில்லை. அந்த அறிவோடு ஒரு சங்கத்தின் உடைமையும் சட்டத்தின் அனுமதியும் சேர்ந்தபோது அது தொழிலானது. அதிலும் ஆண்டுதோறும் பாம்பு பிடிக்கும் உரிமத்துக்கு அரசின் கையை எதிர்பார்க்க வேண்டிய அவதி உண்டு, உத்தரவு தாமதமானால் வருமானமும் தாமதம். அப்படியும் தோலுக்காகப் பாம்பைக் கொன்ற காலத்தைவிடப் பாம்புக்கும் மனிதனுக்கும் அது மேல்.

மாவட்டத்தின் மிகப் பெரிய கேள்வியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிவந்த கறுப்புப் பொருளான பழுப்பு நிலக்கரி, 1957இல் நேரு சுரங்கத்தைத் தொடங்கிவைக்க, தமிழ்நாட்டின் விளக்குகளை எரித்தது. அதற்காகக் கிராமங்கள் எழுந்து போயின. நிலம் கொடுத்தவர்களில் சிலருக்கு நிரந்தர வேலை கிடைத்தது, பலருக்கு ஒப்பந்த வேலை. நிரந்தரம் கேட்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் எத்தனையோ முறை வேலைநிறுத்தம் செய்துவிட்டார்கள். 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தபோது அன்றே ஆறு பேர் மாண்டார்கள். அடுத்தடுத்த நாட்களில் எண்ணிக்கை கூடியது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் பெருமளவில் பலியானார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில், கதிர் பிடிக்கும் நிலையில் நின்ற நெல்லுக்குள் சுரங்கத்துக்காக வாய்க்கால் வெட்ட இயந்திரங்கள் இறங்கின. மாவட்டமே கொதித்தது.

நிலக்கரிக்கும் பழுப்பு நிலக்கரிக்கும் உலகம் விடைகொடுக்கத் தொடங்கிவிட்டது. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரில் கடைசியாக ஓய்ந்தது. சுரங்கத்தையும் மின்நிலையத்தையும் நடத்திய அதே நிறுவனம் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின்சாரம் எடுக்கும் முதல் மத்தியப் பொதுத்துறை நிறுவனம் என்று பெயரெடுத்தது. பெருமைதான். ஆனால் அந்தத் தகடுகளில் பெரும்பகுதி விருதுநகர், ராமநாதபுரம், திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் நிற்கின்றன. சுரங்கத்துக்கு வேண்டிய ஆள்பலத்தில் ஒரு துளிதான் சூரியப் பண்ணைக்கு வேண்டும். மாட்டும்போது கொஞ்சம் கூட்டம், பிறகு தகடு துடைக்கச் சிலர், காவலுக்குச் சிலர். பசுமை மின்சாரம் வரும் என்பதால் நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்து ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பசுமை வேலை வந்துவிடாது. 2015 பாரீஸ் ஒப்பந்தத்தின் முகவுரையில் தொழிலாளர்களுக்கான நியாயமான மாற்றம் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதற்கு நெய்வேலியில் என்ன பொருள் என்று இப்போதே பேசத் தொடங்க வேண்டும். கடைசிச் சுரங்கம் மூடும் அன்று பேசினால் காலம் கடந்துவிடும்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், சுரங்கம் தோண்டி முடித்து மூடிய நிலத்திலிருந்து என்பேன். மேல்மண்ணை அள்ளிக் குவித்த மேடுகளிலும் நிரப்பிய பள்ளங்களிலும் மரம் நட்டும் நெல்லும் காயும் பயிரிட்டும் பார்த்திருக்கிறார்கள், விளைகிறது. அந்த நிலத்தைப் பண்படுத்தும் வேலை பல்லாண்டு வேலை. தொழு உரம் அடிக்க வேண்டும், பசுந்தாள் உழ வேண்டும், சுரங்கத்திலிருந்து இறைக்கும் நீரைத் திருப்ப வேண்டும், பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் நட்டுப் பார்க்க வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயல் சாய்த்த தோப்புகளை மறுபடி எழுப்பிய கைகள் அக்கம்பக்கத்திலேயே இருக்கின்றன. நிலம் எடுத்தபோது பட்டாதாரருக்குப் பணம் போனது. அந்த வயலில் நாற்று நட்டு, களையெடுத்து, அறுத்த நிலமற்ற தலித் குடும்பங்களின் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. நிலத்தை நம்பி மூன்றாண்டு கூலிவேலை செய்தவரும் பாதிக்கப்பட்டவரே என்று 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் சொல்கிறது. மூடிய சுரங்க நிலத்தை அந்தக் குடும்பங்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு, முக்கியமாகப் பெண்கள் பெயரில், நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுக்க வேண்டும். மண் தேறும்வரை முதல் சில ஆண்டுகளுக்குச் சுரங்க நிறுவனம் மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். பிறகு விளைச்சல் அவர்களுடையது. குத்தகைப் பத்திரத்தில் அவர்கள் பெயர் இருக்க வேண்டும், கான்ட்ராக்டர் பெயர் இருக்கக் கூடாது.